ஒரு லிட்டர் ஆயில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லைச் சீமை லேசில் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அணைகளில் திறந்த நீரும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து தாமிரபரணி கரை மீறியது. திருநெல்வேலி ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் பக்கமெல்லாம் தெரு எது ஆறு எது என்று தெரியாதபடி தண்ணீர் நின்றது. வாசலில் நிறுத்தியிருந்த பைக்குகள் ஹேண்டில்பார் மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தன.

வெள்ளம் வடிந்ததும் வண்டிக்காரருக்கு முதலில் தோன்றுவது, சேற்றைக் கழுவிவிட்டுக் கிக்கரை உதைத்துப் பார்ப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. ஸ்ப்ளெண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 97.2 சிசி, அழுத்த விகிதம் 9.9. கணக்குப் போட்டால், பிஸ்டன் மேல் எல்லைக்கு வரும்போது அதன் தலைக்கு மேலே மிஞ்சும் இடம் 11 மில்லிலிட்டர்தான். காற்று நசுங்கிக் கொடுக்கும், தண்ணீர் நசுங்காது. இரண்டு டீஸ்பூனுக்குச் சற்று மேல் தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்தாலே பிஸ்டன் அதில் முட்டி நின்றுவிடும். செல்ஃப் பட்டனை விடாமல் அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையவும் கூடும்.

விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் உள்ள நீரை வெளியே தள்ளுவார். அடுத்து எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ட்ரெய்ன் போல்ட்டைத் திறப்பார். ஆயிலைவிட நீர் கனம் என்பதால், ஸ்டார்ட் செய்யாத வண்டியில் முதலில் தண்ணீர் வடியும், பின்னால் ஆயில் வரும். ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்ட வண்டியில் இரண்டும் பிரியாது. கியர் பற்கள் இரண்டையும் சேர்த்துக் கடைந்திருக்கும், பால் விட்ட காப்பி நிறத்தில் ஒரு குழம்பு இறங்கும். அழுக்கைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதற்காக ஆயிலில் சேர்த்திருக்கும் வேதிப்பொருள்களே நீர்த்துளிகளையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அதனால் ஒரு தடவை வடித்தால் போதாது. புது ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி, நிறம் தெளியும்வரை செய்ய வேண்டும்.

வருஷக்கணக்காக வண்டி ஓட்டியும் உள்ளே இருக்கும் ஆயிலைக் கண்ணால் பார்க்காதவர்கள் நம்மில் அதிகம். நமக்குத் தெரிந்ததெல்லாம் பில்லில் வரும் ஒரு வரி. ஆயிலை நாமே மாற்றலாமா, ஷோரூம் சர்வீஸில் விடுவதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: வாரண்டி முடிந்த பைக் என்றால் தாராளமாக நாமே மாற்றலாம். ஆனால் பழைய ஆயிலை எங்கே ஒப்படைப்பது என்று முடிவு செய்த பிறகே போல்ட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் குடியிருப்பவருக்கு இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். ஏன் என்று சொல்வதற்கு முன், அந்த ஒரு லிட்டர் உள்ளே என்ன வேலை பார்க்கிறது என்று பார்த்துவிடலாம்.

*

இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே எண்ணெய் இருந்தால் வழுக்கும் என்பது கட்டைவண்டிக் காலத்திலேயே எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் அந்த இரண்டு பரப்புகளையும் தொடவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது என்பது 1883 வரை யாருக்கும் தெரியாது. அதைக் கண்டவர் போஷாம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ரயில் பெட்டி அச்சு சுழலும் பேரிங்குகளில் உராய்வு எவ்வளவு என்று அளக்கும் பணி அவருக்கு. அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் நனைந்தபடி சுழன்றது. பேரிங்கின் மேல்பக்கத்தில் எண்ணெய் விடுவதற்கென ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. அசுத்தமாகிறதே என்று தக்கையால் அடைத்தார். தக்கை பிதுங்கி வெளியே வந்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதுவும் வந்தது. பிறகு அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தினார். முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போனது. பேரிங்கின் மேல் அவர் வைத்திருந்த சுமையின் சராசரி அழுத்தத்தைவிட அது இரண்டு மடங்குக்கும் அதிகம்.

சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துப்போய்க் குறுகலான இடைவெளிக்குள் திணிக்கிறது. திணிக்கப்பட்ட எண்ணெய் அழுத்தம் பெற்று, அச்சுக்கும் பேரிங்குக்கும் நடுவே நின்று முழுச் சுமையையும் தாங்குகிறது. 1886-இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதிக்கொடுத்தார். இன்று வடிவமைக்கும் பேரிங்குகளுக்கும் அந்தச் சமன்பாடுதான் அடிப்படை. ஓடும் கார் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குவது சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

படலம் உருவாக வேகம் வேண்டும். காலையில் கிக்கரை உதைக்கும் அந்த முதல் சில விநாடிகளிலும், பிஸ்டன் மேலும் கீழும் திரும்பும் இடங்களிலும், கேம் முனையிலும் வேகம் போதாது. அங்கே உலோகமும் உலோகமும் உரசும். அந்த இடத்தைக் காப்பாற்றத்தான் துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட ஒரு சேர்மத்தை ஆயிலில் கலக்கிறார்கள். உரசலின் சூட்டில் அது சிதைந்து இரும்பின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சாகப் படியும். அடுத்த உரசலில் இரும்புக்குப் பதில் அந்தப் பூச்சு தேயும், மறுபடி படியும். இப்படியே அந்தச் சேர்மம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிகிறது.

இதைப் புரிந்துகொண்டால் ஆயில் மாற்றுவதன் பொருளே மாறிவிடும். கேனில் இருப்பதில் 80, 90 சதவீதம் அடிப்படை எண்ணெய். மீதி எல்லாம் சேர்மானங்கள்: தேய்மானம் தடுப்பது, அமிலத்தை முறிப்பது, கரியைப் பிடித்து வைப்பது, நுரை அடக்குவது, சூட்டில் நீர்த்துப் போகாமல் காப்பது. அடிப்படை எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. சேர்மானங்கள் தீர்ந்துபோகின்றன, அழுக்கு ஏறுகிறது. ஆயில் ‘கெட்டுப்போவது’ இப்படித்தான்.

“அண்ணாச்சி, ஆயில் கருத்துப் போச்சு, மாத்திருவோமா?” என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்பார்கள். கறுப்பு மட்டும் காரணமாகாது. டீசல் எஞ்சினில் ஊற்றிய ஆயில் சில நாள் ஓட்டத்திலேயே கறுத்துவிடும். கரித்துகள் உலோகத்தில் படியாமல் ஆயிலில் மிதக்கிறது என்பதற்கே அது அடையாளம். நிறம் மாறாமலே இருக்கும் ஆயிலைத்தான் நான் சந்தேகப்படுவேன். பார்க்க வேண்டியவை வேறு. டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, மூடியின் உள்பக்கம் வெண்மையாகப் பிசுக்குப் படிந்திருக்கிறதா, விரல் நுனியில் தேய்த்தால் நறநறவென்று உலோகத் தூள் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

வெண்பிசுக்கு எங்கிருந்து வருகிறது? பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் நீராகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். வண்டி அரை மணி நேரம் ஓடினால் ஆயில் சூடேறி அந்த நீர் ஆவியாகிவிடும். டவுனில் இருந்து ஜங்ஷனுக்கு, ஜங்ஷனில் இருந்து வண்ணார்பேட்டைக்கு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி ஓடி நிறுத்தும் வண்டியில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. நீரும் எரியாத பெட்ரோலும் உள்ளேயே தங்கி அமிலமாகின்றன. தினமும் அம்பாசமுத்திரம் போய்வரும் வண்டியின் ஆயில், கிலோமீட்டர் அதிகம் ஓடியும் நல்ல நிலையில் இருக்கும். கடைவீதிக்கு மட்டும் போகும் வண்டியின் ஆயில் குறைந்த கிலோமீட்டரிலேயே களைத்துவிடும். கையேட்டில் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ’ என்று போட்டிருப்பது இதற்காகத்தான். மாதக் கணக்கை நம்மவர்கள் கண்டுகொள்வதே இல்லை.

*

ஷோரூம் சர்வீஸ் என்ற ஏற்பாட்டுக்கும் நெல்லைக்கும் பழைய உறவு உண்டு. களக்காட்டுக்குத் தெற்கே, மலையடிவாரத்துத் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1910-களின் தொடக்கத்தில் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கி, பிறகு வாகன விற்பனை, உதிரிபாகம், பராமரிப்பு என்று டி.வி.எஸ். நிறுவனத்தை வளர்த்தார். விற்றவரிடமே பழுது பார்க்கக் கொண்டுபோகலாம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் வேர் பிடித்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே குழுமத்தில் இருந்து 1980-இல் வந்த டி.வி.எஸ். 50-க்கு ஆயில் மாற்றும் வேலையே கிடையாது. அது டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் பங்கில் 2டி ஆயிலைக் கலந்து ஊற்றுவார்கள், அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து நீலப்புகையாகப் போய்விடும். எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் புது ஆயிலையே கண்டது, ஊர் அந்தப் புகையைக் குடித்தது. வாழைத்தாரும் நெல் மூட்டையும் ஏற்றிச்செல்லும் நம் ஊர் மொபெட்டுகள் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியது 2015-இல் எக்ஸ்.எல். 100 வந்த பிறகுதான். காற்றுக்கு அது பெரிய நன்மை. ஆனால் அதுவரை புகையாகப் போன ஆயில், இப்போது ஒவ்வொரு வீட்டு வண்டியில் இருந்தும் கறுப்புத் திரவமாகக் கையில் வந்து நிற்கிறது. இந்த மாற்றத்தை யாரும் கவனித்துப் பேசியதாகத் தெரியவில்லை.

*

நாமே மாற்றுவதில் முதல் கண்டம் சரியான ஆயிலை வாங்குவது. கேனில் ‘10டபிள்யூ-30’, ‘20டபிள்யூ-50’ என்று இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியில் சோதிக்கிறார்கள், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15-இல். திருநெல்வேலியில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரிக்கு அருகில்தான் நிற்கும், ஆகவே முதல் எண் நமக்குத் தேவையில்லை என்று சிலர் வாதிடுவார்கள். அது முழு உண்மை ஆகாது. 40 டிகிரியில்கூட 20டபிள்யூ-50 ஆயில் 10டபிள்யூ-30-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேம் ஷாஃப்ட் வரை ஏறி வர அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று மெல்லிய ஆயில் கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றுவது தப்பு. எஞ்சினின் இடைவெளிகள் எந்த ஆயிலுக்கு அமைக்கப்பட்டனவோ அதைத்தான் ஊற்ற வேண்டும். அது வண்டியின் கையேட்டில் அச்சிட்டிருக்கும்.

இதைவிட முக்கியமான எழுத்து ஒன்று கேனின் பின்பக்கம் சின்னதாக இருக்கும்: ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.பி. பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர் பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கார் ஆயிலில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்திருக்கலாம். அதைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்க மாட்டாமல் வழுக்கும். ஆக்சிலரேட்டர் முறுக்குகிறோம், எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஜப்பானியர்கள் 1998-இல் இந்தத் தர வகையைக் கொண்டுவந்தார்கள். கியர் வண்டிக்கு எம்.ஏ., ஸ்கூட்டருக்கு எம்.பி. விலை உயர்ந்த கார் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று பைக்கில் ஊற்றுவது, அன்போடு செய்யும் கேடு.

வேலை சுலபம். வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்க வேண்டும். குளிர்ந்த ஆயில் அழுக்கை அடியிலேயே விட்டுவிட்டு இறங்கும், கொதிக்கும் ஆயில் கையைச் சுடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் அகலமான தட்டு வைத்து, மேல் மூடியைத் திறந்துவிட்டு, ட்ரெய்ன் போல்ட்டைத் தளர்த்தலாம். பல பைக்குகளுக்கு 17-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். கடைசி இரண்டு சுற்றைக் கையால் திருகும்போது போல்ட்டை உள்ளே அழுத்திக்கொண்டே திருகி, சட்டென்று விலக்கினால் கையில் கொட்டாது.

போல்ட்டைத் திரும்ப மாட்டும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். எஞ்சினின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் முழு பலத்தையும் போட்டு இறுக்கினால் அலுமினியத்தில் உள்ள மரை உருவிக்கொண்டு வந்துவிடும். ஒழுகாமல் தடுப்பது நம் பலம் இல்லை, போல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே நசுங்கிப் பொருந்தும் மென்மையான வாஷர். ஒரு தடவை நசுங்கியது அடுத்த தடவைக்கு உதவாது. சில ரூபாய் பொருள்தான், ஆயிலோடு சேர்த்து ஒரு புது வாஷர் வாங்கிவிடுங்கள். கையால் திருகி முட்டிய பிறகு ஸ்பேனரைக் குட்டையாகப் பிடித்து ஒரு கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினால் நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் இருந்தால் இன்னும் நல்லது.

அளவிலும் கவனம் வேண்டும். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்ற தாராளம் இங்கே உதவாது. அதிகப்படி ஆயிலில் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும், நுரையால் படலம் தாங்காது. டிப் ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்பதுதான் சரியான அளவு. டிப் ஸ்டிக்கைத் திருகாமல் வைத்துப் பார்ப்பதா, திருகிப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். அதற்கும் கையேடுதான்.

வீட்டில் செய்ய முடியாத ஒரு பகுதியும் உண்டு. ஸ்ப்ளெண்டர் வகை எஞ்சின்களில் காகித ஃபில்டர் இல்லை. கிராங்க் ஷாஃப்ட்டோடு சுழலும் ஒரு சிறு கிண்ணம், கனமான துகள்களைச் சுழற்சி விசையால் ஓரத்துக்குத் தள்ளிப் படியவைக்கிறது. வருஷக்கணக்கில் அதில் கறுப்புக் களிம்பாகச் சேரும். அதைச் சுத்தம் செய்ய எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை.

*

கார் விஷயத்தில் என் நிலை வேறு. மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில், அடியில் படுத்து வேலை செய்ய ஜாக்கி, ஸ்டாண்ட் என்று ஆபத்தும் அதிகம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. வாரண்டிக் காலத்தில் ஷோரூம்தான் நல்லது, சர்வீஸ் செய்ததற்கான பதிவு இருக்கும். பைக்குக்கும் இலவச சர்வீஸ் கூப்பன் முடியும்வரை அங்கேயே விடுவதுதான் நியாயம்.

ஆனால் ‘வெளியே கொண்டுபோனால் வாரண்டி ரத்து’ என்ற மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது, அந்தப் பழுதுவேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவின் சாரம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியபோது அதில் வாகனத் துறையும் இடம்பெற்றது.

ஷோரூமின் பலவீனம் திறமைக் குறைவில் இல்லை. பில் போடுபவர் முன்னால் இருக்கிறார், ஸ்பேனர் பிடிப்பவர் கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறார், நமக்கும் ஆயிலுக்கும் நடுவே இத்தனை தூரம். எஞ்சின் ஃப்ளஷ், டீகார்பனைசிங் என்று கையேட்டில் இல்லாத வரிகள் பில்லில் ஏறும்போது, இது என் வண்டிக்கு எதற்கு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஒரு தடவையாவது தன் கையால் ஆயில் மாற்றிப் பார்த்தவருக்கு அந்தக் கேள்வி தானாக வரும். பணம் மிச்சமாவதைவிட அது பெரிய லாபம் என்று நினைக்கிறேன். பைக்கில் மிச்சமாவது கூலி மட்டும்தான்.

*

இப்போது தட்டில் நிற்கும் அந்தக் கறுப்புத் திரவத்துக்கு வருவோம்.

சென்ட்ரிங் பலகையில் காங்கிரீட் ஒட்டாமல் இருக்கத் தடவுகிறார்கள். கதவு நிலையில் கரையானுக்குப் பூசுகிறார்கள். கிராமத்தில் சொறி பிடித்த நாய்க்கும் மாட்டுக்கும் வேஸ்ட் ஆயிலைத் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒன்றும் வேண்டாதவர்கள் வேலி ஓரத்தில் கொட்டுகிறார்கள். எஞ்சினில் வெந்த ஆயிலில் இரும்பு, செம்பு, அலுமினியத் துகள்களோடு, எரிபொருள் அரைகுறையாக எரிவதால் உண்டாகும் பல வளைய ஹைட்ரோகார்பன்களும் சேர்ந்திருக்கும். எலிகளின் தோலில் பழைய பெட்ரோல் எஞ்சின் ஆயிலைத் தொடர்ந்து தடவிய ஆய்வுகளில் தோல் கட்டிகள் வந்தன. தடவியதை நாய் நக்கும், ஆகவே மருந்தென்று இதைத் தடவக் கூடாது. நாள் முழுக்க இதில் கை நனைக்கும் ஒர்க்‌ஷாப் பையன்களுக்குக் கையுறை வாங்கிக்கொடுக்காத முதலாளிமேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

தண்ணீரில் விழுந்தால் கணக்கு இன்னும் பயங்கரமானது. தண்ணீர் மேல் வானவில் நிறம் மின்னும் ஆயில் படலத்தின் தடிமன் 0.3 மைக்ரானில் தொடங்குகிறது. ஒரு லிட்டரை அந்தத் தடிமனுக்குப் பரப்பினால் 3,300 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 82 சென்ட். ஒரு பைக்கில் இருந்து ஒரு தடவை வடிக்கும் ஆயில், ஏறத்தாழ ஒரு ஏக்கர் தண்ணீரை மினுமினுக்க வைக்கும். மினுமினுப்பு கலைந்த பிறகும் உள்ளே கரைந்தவை போவதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் மக்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை, ஒரு கார் ஆயில் மாற்றத்தில் வரும் பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கும் என்பது.

இந்தக் கணக்கைத் தாமிரபரணியோடு வைத்துப் பாருங்கள். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும்வரை ஆறு சுமார் 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை ஒவ்வொன்றும் ஆற்றைத் தடுத்துக் கால்வாயில் திருப்புகிறது. கால்வாய் வயலுக்கும் குளத்துக்கும் போகிறது, வயலின் வடிகால் மறுபடி ஆற்றுக்கே வருகிறது, கீழே உள்ள அணைக்கட்டு அதை மறுபடி திருப்புகிறது. கார், பிசானம் இரண்டு போகத்துக்கும் இதே நீர். சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுன் வழியாக வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் ஊடுருவிப் போகிறது. இரண்டும் வயலுக்காக வெட்டிய கால்வாய்கள், இன்று நகரத்துச் சாக்கடையையும் சுமக்கின்றன. ஆற்றுப் படுகையில் இறக்கிய உறைகிணறுகளில் இருந்துதான் மாநகருக்கும் வழியோர ஊர்களுக்கும் குடிநீர் ஏறுகிறது. இங்கே தெருச் சாக்கடையில் ஊற்றும் ஆயிலுக்கு ‘வெளியே’ என்று ஓர் இடமே கிடையாது. ஒருவர் ஊற்றுவதைக் கீழே உள்ளவர் குடிக்கிறார்.

சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. சர்வீஸ் சென்டர் அதைத் தொட்டியில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் தர வேண்டும். 2023-இல் விதிகளைத் திருத்தி, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கே பழைய ஆயிலின் பொறுப்பையும் கொடுத்திருக்கிறார்கள். ஷோரூமில் நாம் கொடுக்கும் கூலியில் இந்தப் பொறுப்புக்கான பங்கும் அடங்கியிருக்கிறது. வீட்டில் மாற்றும்போது கூலியோடு சேர்த்து அந்தப் பொறுப்பையும் நாமே எடுத்துக்கொள்கிறோம்.

எடுத்துக்கொண்டதை நிறைவேற்றுவது பெரிய கஷ்டம் இல்லை. புது ஆயில் வந்த கேனிலேயே பழையதைப் புனல் வைத்து ஊற்றி, மூடி இறுக்கி, ‘பழைய ஆயில்’ என்று எழுதி, குழந்தை கை எட்டாத இடத்தில் வைக்கலாம். ஆயில் வாங்கும்போதே கடையிலோ, பழக்கமான ஒர்க்‌ஷாப்பிலோ, பழையதை வாங்கிக்கொள்வீர்களா, உங்கள் பேரலை யார் வந்து எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். தெளிவான பதில் வராத இடத்தில் கொடுக்க வேண்டாம். பேரல் கைமாறிக் கைமாறி எங்கேயோ சூளையில் எரியவும், வடிகட்டிப் போலி ஆயிலாகப் புதுக் கேனில் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. சந்தேகம் வந்தால் திருநெல்வேலியில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் அனுமதி பெற்றவர்கள் யார் என்று கேட்கலாம்.

ஒழுங்காகச் சேர்ந்தால் அந்த ஆயிலுக்கு மறுபிறவி உண்டு. தேய்ந்தது சேர்மானங்கள்தான், அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மறுசுத்திகரிப்பு ஆலையில் முதலில் நீரையும் பெட்ரோலையும் ஆவியாக்கிப் பிரிக்கிறார்கள். பிறகு காற்றழுத்தத்தைக் குறைத்து வாலை வடிக்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பதால் எண்ணெய் கருகாமல் ஆவியாகி மேலே வருகிறது, உலோகமும் கரியும் அடியில் தார் போலத் தங்கிவிடுகின்றன. கடைசியில் ஹைட்ரஜனோடு வினைபுரியவைத்துக் கந்தகத்தையும் நிறத்தையும் நீக்கினால் புது ஆயிலுக்கு நிகரான அடிப்படை எண்ணெய் கிடைக்கும். அதில் மறுபடி சேர்மானங்களைக் கலக்கலாம். வீட்டில் இருந்து நாம் கொடுக்கும் கேனில் பிரேக் ஆயிலோ, கூலண்டோ, பெயிண்ட் தின்னரோ கலந்திருந்தால் இந்த வேலை கெடும். குளோரின் சேர்ந்த கரைப்பான் கொஞ்சம் கலந்தாலே ஒரு பேரல் முழுவதும் மறுசுத்திகரிப்புக்கு லாயக்கில்லாமல் போகலாம். எஞ்சின் ஆயிலுக்கு ஒரு கேன், மற்றவற்றுக்கு வேறு கேன் என்று தனித்தனியாக வையுங்கள்.